தெரேசம்மா விற்காத பங்கு

தெரேசம்மாவுக்குப் பங்கு என்றால் ஃபாதர் பார்த்துக்கொள்ளும் கோயில் பங்குதான். இலங்கையில், குருவிட்ட பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கத்தோலிக்கப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனபோது தொழிலாளிகளுக்கும் கொஞ்சம் பங்கு இலவசமாகக் கிடைத்தது. அதை வாங்கிப்போக டவுனிலிருந்து முக்தார் என்ற தரகர் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். "அக்கா, உங்க பங்க விக்கிறீங்களா?" என்று அவர் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாதா கோயில விக்க நான் யாரு? ஃபாதர்கிட்ட போயி கேளுங்க!"

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. "கோயில் இல்ல அக்கா, கம்பனி கொட்டஸ், கம்பனியில உங்களுக்குள்ள பாகம்" என்று முக்தார் சிங்களச் சொல்லையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆனால் ஊர் பார்க்கக் கத்தியாகிவிட்டது, இனி எப்படி இறங்கி வருவது? "அதையும் விக்க மாட்டேன்" என்றாள். வெறும் வீம்பு. வீம்பு ஆறிய பிறகும் விற்க மனம் வரவில்லை. குடியிருக்கும் காம்பரா கம்பனியுடையது, வெட்டும் மரமும் கம்பனியுடையது. அந்தக் கம்பனியிலேயே ஒரு துளி தன்னுடையது என்று நினைத்தால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மற்றவர்கள் விற்று ரேடியோ வாங்கினார்கள், தோடு வாங்கினார்கள். புருஷன் அந்தோனிக்கு வயிறு எரிந்தது. அப்புறம் இறப்பர் விலை படுத்துவிட்டது. யுத்தமும் முடிகிறபாடாக இல்லை. கம்பனியை இழுத்து மூடப்போகிறார்கள் என்று காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் தினம் ஒரு கதை. 2001இல் கொழும்பு விமான நிலையமும் தாக்கப்பட்ட பிறகு பங்குகளைச் சீண்ட ஆளில்லை.

"இந்தா தெரேசா, கெடைக்கிறத வாங்கிட்டு விட்டுறுவோம். சனிக்கெழம முக்தார் நானாவ வரச் சொல்லியிருக்கேன்" என்றான் அந்தோனி.

"எல கொட்டுற மாசத்துல பாலு கொறஞ்சா மரத்தையா விப்பீங்க?"

"மரம் வேற, இது வேற."

அந்த வாரம்தான் கொழும்பில் கம்பனியின் வருடாந்தக் கூட்டம். பங்குக்காரர் எல்லோருக்கும் அழைப்பு வரும், தோட்டத்திலிருந்து யாரும் போனதில்லை. "கம்பனி நெசமாவே சாகக் கெடக்கான்னு ஒருக்கா பாத்துட்டு வந்துறலாம். அப்படித்தான்னா நீங்க சொல்றபடியே வித்துறலாம்" என்றாள். கொழும்பு பார்க்கிற ஆசையில் அந்தோனியும் தலையாட்டினான்.

மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. வாசலில் நின்ற பையன் அவள் பெயரைக் கேட்டுவிட்டு, "வாடிவென்ன மேடம்" என்று முன்வரிசையில் உட்காரச் சொன்னான். அந்தோனி பின்னால் ஒண்டிக்கொண்டான். அவள் நிமிர்ந்து பார்த்தால், மேடை ஓரத்தில் அவர்களுடைய தோட்டத்துத் துரை! பெரியவர்களுக்குப் பைல் எடுத்துக் கொடுக்க நின்றுகொண்டிருந்தார். அவள் பதறி எழுந்தாள். தோட்டத்தில் துரைக்கு முன்னால் உட்கார்ந்த தொழிலாளி கிடையாது. துரைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "இருங்க, இருங்க" என்று கையைக் காட்டினார்.

தெரேசம்மா உட்கார்ந்தாள். துரை நின்றார்.

இங்கிலீஷில் ஏதேதோ பேசினார்கள். 'லொஸ், லொஸ்' என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. போச்சு, இனி விற்கத்தான் வேண்டும் என்று நினைத்து, கொடுத்த கேக்கைக்கூட அவளால் ருசித்துச் சாப்பிட முடியவில்லை.

திரும்பி வரும் பஸ் அவிசாவளையைத் தாண்டியது. அந்தோனி சொன்னான்: "முக்தார் நானாவ வர வேணாம்னு சொல்லிர்றேன்."

"ஏங்க, நட்டமுன்னுதானே சொன்னாங்க?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

அடுத்த வருடம் சண்டை நின்றது. இறப்பர் விலை மெல்ல எழுந்தது, பிறகு ஓட்டமாக ஓடியது. விற்றவர்கள் வாங்கிய ரேடியோவைத் திட்டினார்கள். முக்தார் பழைய விலையைப்போல் பல மடங்கு தருவதாகச் சொல்லிக்கொண்டு, சொந்த வேனில் வந்து இறங்கினார். தொகையைக் கேட்டதும் தெரேசம்மாவுக்கே லேசாக மனம் ஆடிப்போனது.

"இப்ப வித்தா என்னங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

அந்தோனிக்கு வந்ததே கோபம்! "வித்துப்புட்டு, அடுத்த வருசம் எங்க போயி உக்காருவ?"