சிட்டிபாபு வீட்டுக் கல்லில் முப்பத்தெட்டு அலைகள்

இன்றைக்குப் பிச்சாட்டூரில் சந்தித்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டும் சிட்டிபாபு. பைபிளில் வரும் நோவா காலத்து வெள்ளத்துக்கு ஆதாரம் எங்கே என்று உலகமே தேடட்டும், அவர் வீட்டில் அதன்மேல்தான் துணி துவைக்கிறார்கள்!

வீடு கட்டும்போது நகரி மலையடியிலிருந்து டிராக்டரில் வந்த பலகைக்கல் அது. மேலே வரிவரியாக அலை, ஈரமணலில் தண்ணீர் போட்ட கோலம் அப்படியே கல்லானது போல. மூன்று வருஷமாகச் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு, போன மாசம் ஒரு ஞாயிறு முதல்முறையாக எழுந்து பேசினார். "எங்கூட்டுக் கல்லுல நாப்பது அலை கீது. மழை பேஞ்சது நாப்பது நாளு. நாளுக்கு ஒண்ணு!" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஞாயிறு எல்லோரும் பார்க்க வருவதாகப் பாஸ்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து எண்ணினார். முப்பத்தெட்டு. சோப்புநுரையைக் கழுவிவிட்டு எண்ணினார். முப்பத்தெட்டு. அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலாவது கூடுமா என்று பார்த்தார். கல் மசியவில்லை.

முதன்முதலாகத் திறந்த வாய், இனி யார் நம்புவார்?

திருப்பதியில் ஜியாலஜி படிக்கும் மகள் ஹர்ஷினி வேறு வெந்த புண்ணில் குத்தினாள். "நைனா, அது கடலோரத்து அலை. நூறு கோடி வருஷத்துக்கு மேல ஆவுது."

"நகரிக்குக் கடலு எப்டிம்மா வந்துச்சி? அதத்தான் நானும் சொல்றேன், தண்ணி வந்துச்சின்னு!"

சனிக்கிழமை சாயங்காலம் உளியும் சுத்தியலும் கையுமாகக் கல் முன்னால் குந்தினார். இரண்டே இரண்டு கோடுதானே.

"இன்னாயா பண்ற?" துணி வாளியோடு மனைவி சுந்தரி நின்றாள்.

"கொறையிறத சேக்குறேன்."

"நீ கோடு போட்டா அது நோவா காலத்து வெள்ளமா, உன் காலத்து வெள்ளமா?"

சிட்டிபாபு உளியைக் கீழே வைத்துவிட்டார்.

ஞாயிறு வேன் வந்து நின்றது. இருபது பேர் கல்லைச் சுற்றி நின்றார்கள். சிட்டிபாபு முன்னால் வந்தார். "ஐயா, நான் எண்ணாம சொல்லிட்டேன். முப்பத்தெட்டுதான் கீது."

பாஸ்டர் குனிந்து விரல்விட்டு எண்ணினார். முப்பத்தெட்டுதான்.

அப்போது, சர்ச் பக்கமே போகாமல் கோயிலுக்கு மட்டும் போகும் சுந்தரி, முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கல்லின் வழவழப்பான ஓரத்தைத் தட்டினாள். "மீதி ரெண்டு இங்க இருந்துச்சிங்க ஐயா. பதினெட்டு வருஷமா இவுரு காக்கி சட்டைய இங்கதான் கும்முறேன். அழுக்கு போவல, அலைதான் போச்சி."

அந்தக் கல் துணிக்கெல்லாம் தேயாது என்று ஹர்ஷினிக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

பாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணா, அடுத்த வாரம் முன்வரிசைல உக்காருங்க. தப்பா சொன்னத தப்புன்னு ஒத்துக்க இன்னா தைரியம் வேணும்!"

சிட்டிபாபு கல்லைப் பார்க்கவில்லை. சுந்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை டைப் செய்யும்போதே எனக்குக் கண் கலங்குகிறது!

பிச்சாட்டூர்ப் பக்கம் போனால் அந்தக் கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை அலை என்று சிட்டிபாபுவிடமே கேளுங்கள், சரியாகச் சொல்வார். மீதி இரண்டைப் பற்றி மட்டும் சுந்தரியக்காவிடம் குறுக்குக் கேள்வி வேண்டாம். கையில் ஈரத்துணி இருக்கும்.