பன்னிரண்டாவது சாவி

நமுனுகுல மலைச்சரிவுத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் யசோதினிக்குப் பதினாறு வருட வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. அங்கே பிள்ளைகளின் காலுறைகள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒரே கூடையில் கலந்து கிடக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை அழும்போது குனிந்து நிறம் பார்த்துச் சோடி பொறுக்க முடியாது. கூடைக்குள் கையை விட்டு நான்கை எடுப்பாள். அதிர்ஷ்டம் துளியும் இல்லாவிட்டால் முதல் மூன்றும் மூன்று நிறமாக வரும். நான்காவது அவற்றில் ஒன்றோடு சேர்ந்தே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் புதிர்களையும் அவள் இப்படித்தான் போடுவாள். நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் முதலில் நடக்கவிட்டு, அதன் பிறகு எண்ணுவாள்.

மண்சரிவில் லயம் என்ற வரிசை வீடுகள் போனபின் பன்னிரண்டு குடும்பங்கள் மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தன. சேலை கட்டி மறைத்த அறைகள், எல்லோருக்குமாக இரண்டு கக்கூஸ், கூரையிலிருந்து உதிரும் எலிப்புழுக்கை. யசோதினியின் கணவன் வீரசிங்கத்துக்கு இழுப்பு நோய். அந்தத் தூசியில் பதினான்கு மாதம் படுத்திருந்தான்.

புது வீடுகளைக் கையளிக்கும் நாள் வந்தது. மேலேயிருந்து வந்த பெரியவர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள். சாவிகளில் கட்டியிருந்த இலக்கத் துண்டுகள் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று யாரோ பிய்த்துப் போட்டுவிட்டு, பன்னிரண்டையும் ஒரே சிவப்பு ரிப்பனில் கோத்தார்கள். தூக்கிக் காட்டிப் படமெடுத்தார்கள். பிறகு சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டு, எலும்பையும் பொலித்தீனையும் அந்தப் புது வாசல்களிலேயே போட்டுவிட்டு வாகனம் ஏறினார்கள்.

மூன்று மணிக்கு எஞ்சியது வீட்டுத் திட்ட உத்தியோகத்தர் தினேஸ் மட்டும். சாவிக்கொத்தைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“பன்னெண்டு பூட்டு, பன்னெண்டு சாவி. நூத்தி நாப்பத்தி நாலு தடவ போட்டுப் பார்க்கணும். நாலரைக்கு நான் பதுளைக்குப் போகணும் அக்கா. இன்னைக்குக் கை மாத்தாத வீடு அடுத்த கட்டத்துக்குத்தான்.”

“அடுத்த கட்டம் எப்பங்க சேர்?”

“சித்திரைக்குப் பொறவு.”

இன்னும் ஐந்து மாதம். வீரசிங்கம் மதிலில் சாய்ந்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தான்.

“நூத்தி நாப்பத்தி நாலு வராதுங்க,” என்றாள் யசோதினி. “அறுபத்தாறு. அதுக்கு மேல ஒண்ணுகூட ஆகாது.”

“என்னா, சாத்திரம் பார்க்கிறீங்களா?”

“நம்ம நேரம் ரொம்பக் கெட்டதுன்னே வைங்க. மொதப் பூட்டுக்குப் பதினோரு சாவி சேராம போகும். அப்ப மிஞ்சுறதுதானே அதோட சாவி? போட்டே பார்க்க வேணாம். ரெண்டாவது பூட்டுக்குப் பத்து. அப்பறம் ஒம்பது, எட்டு. கூட்டிப் பாருங்க.”

“நம்ம நேரத்துக்கு அது எரநூறாகும்டி,” என்றாள் பக்கத்து அறைக்காரி ஜெயலெட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகவில்லை. பதினோரு கதவுகளும் நாற்பத்தொரு முயற்சியில் திறந்தன. திறந்த ஒவ்வொரு சாவியிலும் பிளாஸ்டர் ஒட்டி யசோதினி இலக்கம் எழுதினாள். பன்னிரண்டாவது அவளுடைய வீடு. சரிவின் உச்சியில், சேற்றுப் படிகளுக்கு மேலே. மணி நாலே கால். தினேஸ் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

“நீங்க ஏற வேணாம் சேர். ஒரு பூட்டு, ஒரு சாவி. பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.”

‘கதவைத் திறந்து பார்த்து ஏற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். தினேஸின் வாகனம் போனது.

பாயும் மூட்டையுமாக இருவரும் மேலே ஏறினார்கள். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டாள். திரும்பவில்லை.

யசோதினி தினேஸைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் வீடு கட்டிய கொந்தராத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தார். “அந்த வீட்டுச் சாவி போன மாசமே தொலைஞ்சிருச்சாம். ரிப்பன்ல பதினொண்ணு இருந்தா நல்லா இருக்காதுன்னு, வேற எங்கயோ கட்டின வீட்டுச் சாவி ஒண்ண சேர்த்திருக்காங்க.”

“இப்ப என்னாங்க செய்றது?”

“நீங்கதானே அக்கா பார்க்க வேணாம்னு சொன்னது? கையெழுத்தும் போட்டிருக்கீங்க. ஒங்க வீட்ட ஒங்களுக்குக் குடுத்தாச்சு. இனி எங்க பொறுப்பு இல்ல.”

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள்மேல் மட்டுமல்ல, தன் கணக்கின்மேலும். கெட்டதையெல்லாம் சேர்த்துவிட்டதாக நினைத்திருந்தாள். கூடையில் பொய்க் காலுறை போடுகிறவனை அவள் சேர்க்கவே இல்லை.

ஜெயலெட்சுமி மூச்சிரைக்க ஏறி வந்தாள். “என்னாடி, கணக்கு தப்பா?”

“அறுபத்தாறு இல்ல. எழுபத்தெட்டு. இவனுங்க குடுக்கிற சாவின்னா, கடைசியா மிஞ்சுறதையும் திருகித்தான் பார்க்கணும். பூட்டுக்கு ஒண்ணு கூட.”

“இப்ப அதக் கூட்டி என்னா செய்யப்போற?”

“குடுத்தாச்சுன்னு அவரே சொன்னாரில்ல? அப்ப இது என் கதவு. ஒங்க வீட்டு அலவாங்க எடுத்துட்டு வா.”

இரும்புக் கம்பியின் இரண்டாவது நெம்பலுக்கே கதவு பிளந்தது. பலகை என்று நினைத்திருந்தார்கள். உள்ளே அட்டையும் மரத்தூளும் கொட்டின. யசோதினி அதைக் காலால் தள்ளி, வெளியே கிடந்த கோழி எலும்புகளோடு கூட்டிச் சரிவில் எறிந்தாள்.

வீரசிங்கம் உள்ளே போய்ப் பாயை விரித்தான். தொழிற்சாலையில் பதினான்கு மாதம் மறைப்பாகத் தொங்கிய சேலையையே மூட்டையிலிருந்து எடுத்து, அவள் வாசலில் கட்டினாள்.