சீவாத பச்சைப் பென்சில்

மகள் கலர் பென்சில் சீவுகிறாள். அந்த மர வாசனை மூக்கில் ஏறியதும் நான் பூதலூர் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருக்கிறேன்.

அப்பா மஸ்கட்டிலிருந்து ஆள்வசம் கொடுத்தனுப்பிய கலர் பென்சில்கள் அவை. எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்தான், ஒரு மேடுகூடக் கிடையாது. மலையையே பார்த்திராத நான் மலையாக வரைந்து தள்ளினேன். ஒவ்வொரு கடிதத்துடனும் அப்பாவுக்கு ஒரு மலை போகும். பிரவுன் பென்சில் விரல்நுனி அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பச்சையைச் சீவவே இல்லை.

அப்பாவின் பதிலை அம்மா உரக்கப் படித்தாள். “மலை போதும் பாப்பா. ஜன்னலைத் தொறந்தா மொட்டை மலைதான் நிக்குது. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வச்சிருக்கான். நம்ம வயலை வரைஞ்சு அனுப்பு.”

எனக்குக் கோபம். வயலில் வரைய என்ன இருக்கிறது? தாளின் குறுக்கே பென்சிலால் ஒரே ஒரு கோடு இழுத்து, ‘இந்தாங்க வயல்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து அப்பா வந்தார். அவர் பெட்டி மூடியின் உட்புறம் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. “தெனமும் இதைப் பாத்துட்டுதான் பாப்பா படுப்பேன்” என்றார்.

இப்போது நான் ஆஸ்திரியாவில் இருக்கிறேன். ஜன்னலை அடைத்துக்கொண்டு மலை நிற்கிறது. தினமும் மலையேறலாமே என்று ஊரிலிருந்து போனில் பொறாமைப்படுகிறார்கள். விசா புதுப்பித்து வரும்வரை ஊருக்குப் போக வழியில்லை.

மகளிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

“என்னம்மா இது?”

“வயல். அந்தப் பச்சையைச் சீவிக் குடு.”