கடலுக்குள் பதினொரு வீடுகள்

நான் ஓய்வு பெற்ற மறுவருடமே குடிநீர் அலுவலகத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த மெயின்பிரேமில் புதிய டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவச் சென்னையிலிருந்து ஓர் இளம் பெண் பொறியாளர் வந்திருந்தார். அதை ஏற்க மெஷினில் வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை.

மெமரி சரி. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பதிப்பு சரி. மும்முறை பார்த்தேன், நான்காவது முறையும் பார்த்தேன். டிஸ்கில்தான் இடித்தது. மெயின்பிரேமில் டிஸ்க் இடத்தைச் சிலிண்டர் கணக்கில் அளப்போம். சமையல் எரிவாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"சாஃப்ட்வேர் குடியேற எடம் இருக்கு சார். மூட்டைய பிரிச்சிப் போடத்தான் எடம் பத்தல," என்றார் அந்தப் பெண். "உங்க டெஸ்ட் ஃபைல் ஒன்னு எரநூறு சிலிண்டர அடைச்சிட்டு இருக்கே. அத எடுத்துட்டா போதும்."

அந்த ஃபைலைத் திரையில் திறந்து காட்டினேன்.

அது ஓர் ஊர். புரோகிராம்களை நிஜச் சந்தாதாரர்களின் கணக்கில் சோதிக்கக் கூடாதென்று, இல்லாத மனிதர்களை ஆண்டுக்கணக்காக நான் உண்டாக்கி வைத்திருந்தேன். அரியாங்குப்பத்தில் இரட்டைப் பிள்ளைக்காரர்கள், தேங்காய்த்திட்டில் ஒற்றை ஆளாய் இருந்து ஓயாமல் தண்ணீர் செலவழிப்பவர். அங்கே யாரும் சாகவில்லை. யாருக்கும் வயது கூடவில்லை.

அந்தப் பெண் திரையை உருட்டிக்கொண்டே கேட்டார். "வைத்திக்குப்பத்துல இந்தத் தெருவுல முந்நூறாம் நம்பர் வீடெல்லாம் இருக்கா சார்?"

"தொண்ணூறோட தெரு முடிஞ்சிடுதும்மா. அதுக்கப்புறம் கடல்."

"கடலுக்குள்ள குடிநீர் கனெக்‌ஷன் குடுத்திருக்கீங்க."

"அவங்களுக்குத்தானே நல்ல தண்ணி வேணும்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "டேப்புல எடுத்து வெச்சிக்கலாமா?" என்றேன்.

"வெச்சிக்கலாம். படிக்கற பழைய புரோகிராம் இனிமே இருக்காதே சார்."

மாலை நடையில் அந்தத் தெருமுனைக்குப் போய், படகுகளைத் தாண்டி நீரைப் பார்ப்பது என் வழக்கம். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று அலைகளின் மேல் வாசல்களை எண்ணிக்கொண்டே போவேன். நூற்றுப் பதினெட்டில் ஒரு பெண்மணி, எப்போதும் முப்பத்து நான்கு வயது, குழாயடியில் குடத்தோடு நிற்பாள். நீர் நிரம்பும் சத்தம்கூடக் கேட்டிருக்கிறேன்.

"எடுத்துடும்மா," என்றேன்.

அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மென்பொருள் ஏறி முடிய மதியமாகிவிட்டது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "வேலை செய்யுதான்னு பாக்கணும் சார். பத்துப் பேர் விவரம் குடுங்க. யாரா இருந்தாலும் பரவால்ல."

நான் மனப்பாடமாகச் சொன்னேன், கதவு எண் தொடங்கி வயதுவரை. கதவு எண்கள் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். அவர் தட்டச்சு செய்தார்.

"பதினொன்னு ஆயிடிச்சே சார்."

"இருந்துட்டுப் போகட்டும்மா."

அன்று மாலை கடற்கரைக்குப் போனேன். நீர் மேல் நெடுந்தூரம் இருட்டாக இருந்தது. பதினொரு வீடுகளில் மட்டும் விளக்கு எரிந்தது. திரும்ப ஒருமுறை எண்ணினேன்.