ஒ வந்தால் உ

சாந்தாமேரி பாடி நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி யாராவது ஒருவர் எழுதிவைத்தே ஆகவேண்டும்.

ஏற்காட்டில் விடுதியோடு ஒரு பள்ளி. பெயர் வேண்டாம், நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அங்கே பதினொரு வருஷமாக அவர் ஆயா. வயது நாற்பத்தொன்று. கணவர் பென்னி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். வீடு கரடியூரில். பிள்ளைகளின் போர்வை துவைப்பது, தலை பின்னிவிடுவது, மழை பிடித்துக்கொண்டால் பெரிய கறுப்புக் குடைக்குள் நாலு நாலு பேராக அணைத்து வகுப்பில் கொண்டுபோய் விடுவது, இதெல்லாம் அவர் வேலை. பாட்டு அறையைக் கூட்டுவதும் அவர்தான். கூட்டி முடித்த பிறகும் துடைப்பத்தோடு வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டே இருப்பார். அப்படி நின்று நின்றே சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், இரண்டு வர்ணம் வரைக்கும் வந்துவிட்டார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலை பின்னும்போது அதையெல்லாம் மெல்லப் பாடுவார். ஒரு சடை முடிவதற்குள் ஒரு அலங்காரம் முடிந்துவிடும்.

போன வருஷம் ஜூன் மாதம் பள்ளித் தாளாளர் விடுதிப் பக்கம் வந்தபோது, ஆறு வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று மோகன ராகத்தைச் சுருதி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தன. யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். ஆயா என்றன.

சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பாட்டு டீச்சர் எடுக்கப் பள்ளி முடிவு செய்திருந்த சமயம் அது. தாளாளர் சாந்தாமேரியைக் கூப்பிட்டார்.

"செப்டம்பர்ல தேர்வு வெக்கிறோமுங்க. சேலத்துல இருந்து ரெண்டு பேர் வருவாங்க. நீங்களும் பாடுங்க. அவங்க சரின்னா நீங்க டீச்சர். பட்டம் கிட்டம் நான் பாத்துக்கறேன்."

"ஏனுங்க, நானுங்களா?"

"குரல் இருக்குதில்லீங்க? உச்சரிப்பு மட்டும் சரி பண்ணிக்கோங்க. அருள்சாமி சார் சொல்லிக் குடுப்பார்."

அன்றைக்கு அவர் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் கரடியூர் வரைக்கும் நடந்தே போனாராம். பென்னி அண்ணன் சொன்னார். ஆயா இல்லை, டீச்சர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாமே.

அருள்சாமி பெரிய வகுப்புகளுக்குப் பாட்டு வாத்தியார். முப்பத்துமூன்று வயது. சாந்தாமேரியை விட எட்டு வயது சின்னவர். நன்றாகப் பாடுவார், நன்றாகவே சொல்லித் தருவார், அதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய அக்கா மகள் ஆஷ்லின் இசையில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்த வேலைக்கு அவளும் மனு போட்டிருந்தாள். இது பள்ளி முழுக்கத் தெரியும். சாந்தாமேரிக்கும் தெரியும். சார் அப்படியெல்லாம் பார்க்கமாட்டார் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் உகரம் ஒகரமாகிவிடும், இகரம் எகரமாகிவிடும். உலகம் ஒலகம், முகம் மொகம், துணை தொணை, இடம் எடம், நிலம் நெலம். பேச்சில் யாருக்கும் உறுத்தாது. பாட்டில் அந்த எழுத்தை நாலு அட்சரத்துக்கு இழுக்கும்போதுதான் பல்லிளிக்கும். அருள்சாமி சாந்தாமேரி கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். ஆகாரத்துக்குப் பல்லுக்கு நடுவே இரண்டு விரல் போகவேண்டும். உகரத்துக்கு உதடு குவியவேண்டும், ஆனால் தாடை இறுகக்கூடாது. ஈகாரத்தை இழுக்கும்போது நடுவில் ஏகாரமாகச் சரியக்கூடாது. எல்லாம் நியாயமான பாடம்தான்.

ஆனால் அந்தப் பாடத்தை ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் நடத்தினார்.

"ஏனுங்க அக்கா, ஒலகம்னு பாடறீங்களே, அது எங்க இருக்குதுங்க? உங்க ஊட்டுக்குப் பின்னாடிங்களா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் ஒருநாளும் 'ங்க' விட்டுப் பேசியதில்லை. திட்டியதும் இல்லை.

"சரி, கண்ணாடியப் பாத்துட்டே சொல்லுங்க. உ. உதட்டக் குவிங்க. என்னுங்க, ஊட்டுக்காரருக்கு முத்தம் குடுக்கற மாதிரி குவிச்சுட்டீங்க! கொஞ்சம் கம்மியா குவிங்க."

சாந்தாமேரி கண்ணாடியைப் பார்த்தபடியே குவித்தார். சொல்லிக் கொடுப்பவர் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார் என்று பென்னியிடம் சொல்லியிருக்கிறார்.

விடுதியிலும் விடவில்லை. இன்னொரு ஆயா பாப்பாத்தி, போர்வை பிழிந்துகொண்டே ஆரம்பித்துவிடுவார்.

"சாந்தா, கொஞ்சம் எடம் விடு."

"இடம்னு சொல்லுங்க பாப்பாத்தியக்கா. இ."

"ஏன்டி, எடம்னா உக்கார முடியாதா? இடம்னு சொன்னாத்தான் பொச்சு உள்ள போகுமா?"

துவைக்கும் கல்லைச் சுற்றி ஒரே சிரிப்பு. சாந்தாமேரியும் சேர்ந்து சிரிப்பார். பிறகு போர்வையை அடித்து அடித்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை: உலகம். முகம். துணை. உடல். புகை. மூன்று மாதத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி வந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் வாயில் வருவது, வலப்பக்கம் பாட்டில் வரவேண்டியது. நூற்றுக்கு மேல் வார்த்தைகள். ஆகஸ்ட் மாதம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் அவரே ஒரு விதி எழுதினார்: 'ஒ வந்தால் உ. எ வந்தால் இ.' அருள்சாமியிடம் காட்டினார். அருள்சாமி படித்தார். சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டார்.

விதி தப்பு. எல்லா ஒகரமும் பேச்சில் கெட்டுப்போன உகரம் இல்லை. தமிழில் ஒகரமாகவே பிறந்த வார்த்தைகளும் உண்டு. இது பாட்டு வாத்தியாருக்குத் தெரியாதா?

தேர்வுக்கு அருள்சாமி கொடுத்த பாட்டு அவரே எழுதியது. மோகன ராகம், ஆதி தாளம். பல்லவி இதுதான்:

உலகம் யாவும் உன் கொடை – என்
உயிரும் இசையும் உன் கொடை

கொடை என்றால் கொடுக்கப்பட்டது. ஆனால் எங்கள் மலையில் அந்த வார்த்தையை யார் பேசுகிறார்கள்? இங்கே கொடை என்றால் மழைக்குப் பிடிப்பது. சாந்தாமேரி தாளைப் பார்த்தார். சார் அவசரத்தில் பேச்சு வழக்கிலேயே எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். நோட்டில் பாட்டை எழுதும்போது விதிப்படி திருத்திக்கொண்டார்: உன் குடை.

அவருக்கு அது பிடித்தும் போய்விட்டது! உலகம் யாவும் கடவுளுடைய குடைக்குள் இருக்கிறது. பதினொரு வருஷமாகப் பிள்ளைகளைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு போன ஒருவருக்கு இதைவிட நல்ல பாட்டு வேறு என்ன இருக்க முடியும்? பென்னியிடம் சொல்லி அழுதே விட்டாராம். "நம்மளுக்குன்னே எழுதினாப்பல இருக்குதுங்க."

முதல் தடவை அவர் அப்படிப் பாடியபோது ஆஷ்லினும் அறையில் இருந்தாள். அவள்தான் இதைப் பின்னால் என்னிடம் சொன்னாள். அவள் மாமாவின் பக்கம் குனிந்தாள்.

"மாமா, அவங்க குடைன்னு பாடறாங்க."

"பாடட்டும் கண்ணு."

பாடி முடித்த சாந்தாமேரி நேராக அவரிடமே கேட்டார். "சார், குடையில உ சரியா வருதுங்களா?"

"நொம்ப அருமையா வருதுங்க அக்கா. உதடு நல்லா குவியுது. அப்படியே விட்டுடுங்க, மாத்தாதீங்க."

ஆஷ்லின் இரண்டு வாரம் தினமும் அந்த அறைக்கு வந்தாள், சாந்தாமேரியிடம் சொல்லவே இல்லை. நான் ஏன் என்று கேட்டேன். "எனக்கும் வேலை வேணும்ல" என்றாள். குறைந்தபட்சம் அவள் பொய் சொல்லவில்லை.

தேர்வு அன்று காலையிலிருந்தே சாரல். பள்ளி மண்டபத்தில் முன் வரிசையில் தாளாளர், சேலத்திலிருந்து வந்த இரண்டு பேர்: தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா, வெற்றிலை மெல்லும் ஒரு பெரியவர். பின்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். சாந்தாமேரி கல்யாணப் புடவையில் வந்திருந்தார்.

சுருதி சேர்ந்தது. ஆரம்பித்தார்.

'உலகம்' என்று எடுத்தாரே, அந்த உகரம்! அப்படி ஒரு சுத்தம். அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தாளாளர் முகமெல்லாம் சிரிப்பு. 'யாவும்' மேலே ஏறி நின்று இறங்கியது. பிறகு, 'உன் குடை.'

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார்.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். பல்லவியை ஒரு தடவையோடு விடமாட்டார்கள். அதே வரியைச் சங்கதி சங்கதியாக வளர்த்துக்கொண்டே போவார்கள். சாந்தாமேரி எட்டுச் சங்கதி பாடம் பண்ணியிருந்தார். உன் குடை. இரண்டாவது சங்கதி, உன் குடை. மூன்றாவதில் அந்த 'கு'வின் மேலேயே ஒரு நீண்ட கார்வை. பின் வரிசையில் ஒரு பெண் தன் குடையைப் பட்டென்று விரித்தாள். இன்னொருத்தி விரித்தாள். ஆறாவது சங்கதிக்குள் மண்டபத்தின் பின்பாதி முழுக்கக் குடை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு அவர்தான் தலை பின்னிவிட்டவர். அவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. சிரிப்பைச் சந்தோஷம் என்று நினைத்து, எட்டாவது சங்கதியை இன்னும் உருகிப் பாடினார்.

கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தார்.

"அது என்ன குடைங்கம்மா?" என்றார் பெரியவர். "மழைக்குப் பிடிக்கிறதா, மகாராஜாவுக்குப் பிடிக்கிறதா?"

"கடவுளோட குடைங்க ஐயா."

மறுபடியும் சிரிப்பு. அருள்சாமி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கொடை, ஐயா. நான் எழுதினது கொடை. மூணு மாசமா சொல்லிச் சொல்லிப் பாத்தேனுங்க. ஊர்ப் பேச்சு, நாக்கு திரும்பல."

சாந்தாமேரி அவரையே பார்த்தார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து அந்த அம்மாவிடம் நீட்டினார். "சார் டிக் போட்டிருக்காருங்க."

"நோட்டெல்லாம் நாங்க பாக்கறதில்லம்மா" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "வாயில வர்றதத்தான் கேக்கறது. பரவாயில்ல, குரல் நல்லா இருக்கு. இன்னொரு தடவை பாடுங்க. கொடை. ஒ. சரியா?"

இன்னொரு வாய்ப்பு! எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த விதி ஒரு நிமிஷத்தில் பொய். அப்படியானால் எந்த உ உண்மையான உ? எந்த இ உண்மையான இ? அவர் வாயைத் திறந்தார்.

"ஒலகம் யாவும் ஒன் கொடை..."

நிறுத்தினார். மறுபடி எடுத்தார்.

"ஒலகம்... என் ஒயிரும் எசையும்..."

கொடை மட்டும் சரியாக வந்தது. மற்ற எல்லாமே போய்விட்டது. சுவரம் ஒன்றுகூடப் பிசகவில்லை என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும். ஒன்றுகூட. அந்த அம்மா பேனாவை மூடினார். அடுத்ததாக ஆஷ்லின் பாடினாள். தப்பில்லாமல் பாடினாள். அவ்வளவுதான் சொல்ல முடியும். வேலை அவளுக்குத்தான்.

வராந்தாவில் சாந்தாமேரி அருள்சாமியை நிறுத்தினார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன்.

"சார், சரியா வருதுன்னு சொன்னீங்களே."

"உ சரியா வருதுன்னு சொன்னேனுங்க அக்கா." சிரித்த முகம். "அது இப்பவும் சரிதானுங்களே?"

அவர் போய்விட்டார். சாந்தாமேரி கல்யாணப் புடவையை மாற்றிக்கொண்டு, சாயந்திரம் போர்வை எடுக்க வந்துவிட்டார்.

அக்டோபரிலிருந்து பிள்ளைகள் அவரைக் குடை ஆயா என்று கூப்பிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள்கூட. அவர் திரும்பிப் பார்ப்பார், தலை பின்னிவிடுவார். ஆனால் பாடுவதில்லை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பாடும்போதும் உதட்டை இறுக மூடி நிற்கிறார். பென்னி அண்ணன் கெஞ்சிப் பார்த்துவிட்டார். "ஒரு வரி பாடு, எனக்காக." அதற்கு அவர் சொன்னது: "எந்த எழுத்துன்னு தெரியலீங்க."

பாட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்துல் காதர் பாய் கடையில் அவரைப் பார்த்தேன்.

"என்னம்மா வேணும்?"

"கால் கிலோ... மி..." நின்றார். "மொ..."

பாய் தராசுத் தட்டைப் பிடித்தபடி காத்திருந்தார். கல்லாவில் இருந்த அவர் மகள் சுமையா நிமிர்ந்து பார்த்தாள். சாந்தாமேரியின் உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. கடைசியில் கையை நீட்டி டப்பாவைக் காட்டினார்.

"அட, மொளகாப்பொடியா? அத வாயத் தொறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துரும்?" என்றார் பாய். சுமையா சிரித்துவிட்டாள்.

பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டார். கரடியூர். அதில் ஒகரமும் இல்லை, எகரமும் இல்லை, தப்புப் பண்ண வழியே இல்லை. அதையும் அவர் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேட்டுப்பக்கம் கையைக் காட்டினார்.