கதை முடிகிற நிறுத்தம்

"…அதான் சொல்றேன், அவ எழுந்தது கதவத் தொறக்கறதுக்கு இல்ல. ஒல பொங்குது. எறக்கணுமா வேணாமா?"

ஒரு கதையைப் பற்றி, என்னோடு வேலை பார்த்த வசந்தா அக்கா எப்போதோ சொன்னது இது. போன வாரம் வேலூரில் ஒரு புத்தகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவள் பக்கத்தில் இருந்து சொல்வது போலவே காதில் விழுந்தது. மேடையில் ஒருத்தர் ஒரு சிறுகதையின் கடைசி வரியை வெகுநேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். கதவு என்றால் கதவு இல்லையாம். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி, எங்கள் பஸ்ஸில் எப்போதோ பேசி முடித்தது.

பஸ் என்றால் கம்பெனி பஸ். அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். சாயங்காலம் வேலை விட்டதும் எங்களை ஏற்றிக்கொண்டு மின்னூர், வாணியம்பாடி வழியாக நாட்றம்பள்ளி வரைக்கும் போகும். பஸ் நிறையப் பெண்கள், காலி டிபன் பாக்ஸ் சத்தம், எல்லார் விரலிலும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் நெடி. இன்றைக்கும் செருப்புக்கடை வாசலில் அந்த நெடி அடித்தால் எனக்குக் கதை படிக்கத் தோன்றும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பது என் வேலை. பெரிய படிப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவதோடு கணக்குப் பாடம் என்னைக் கைகழுவிவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வாந்தி வரும், எனக்கு வராது. அவ்வளவுதான் தகுதி. இதைவிடக் குறைந்த தகுதியோடு மேடை ஏறினவர்கள் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கதை எங்கே முடியும் என்பது எழுதினவர் கையில் இல்லை. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் என்பதில் இருந்தது. மின்னூர்க்காரிகள் முதலிலேயே இறங்கிவிடுவார்கள். அதனால் அவர்களுக்கு எந்தக் கதையிலும் யாரும் செத்ததில்லை. பெண் பார்த்துவிட்டுப் போவார்கள், பையனுக்கு வேலை கிடைக்கும், இவர்கள் சந்தோஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அழுகிற வேலையெல்லாம் நாட்றம்பள்ளிக்காரர்களுக்கு. மறுநாள் காலையில் மின்னூர்க்காரிகள் ஏறினதும், தாங்கள் இட்டுக்கட்டின முடிவை அவர்கள் முதலில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பத்திரிகையின் முடிவை நான் சொல்லலாம். பல நாள் அவர்களுடையதே நன்றாக இருக்கும். "எழுதினவனுக்கு இன்னா தெரியும், அவன் நம்ம பஸ்லயா வந்தான்" என்பார்கள்.

கவிதை என்றால் சண்டை கிடையாது. நூர்ஜஹான் அக்கா, எங்களுக்கு ஆபா, அவர் மட்டும் "இன்னொரு வாட்டி" என்பார். அவர் வீட்டில் உருதுக் கவிதை கேட்டால், பிடித்த வரியைத் திரும்பக் கேட்டு வாங்குவது பழக்கம். "இன்னா ஆபா, இப்பவாச்சும் புரிஞ்சுதா?" என்றால், "புரியறதுக்கா கேட்டேன்? வாயில போட்டு வச்சிக்கிறேன், மெதுவா கரையும்" என்பார்.

வசந்தா அக்கா வாணியம்பாடியில் இறங்குகிறவள். சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூர் போன புருஷன், சில வருஷம் கழித்து, மறுபடி சேர்ந்து வாழலாம் என்று ஆள் விட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள், இன்றைக்குச் சாயங்காலம் வாணியம்பாடியில் பஸ் நிற்கிற இடத்தில் வந்து நிற்கிறேன், பதில் சொல் என்று தகவல். பஸ்ஸுக்கே தெரியும். "நீ கதையப் படி" என்று என்னைத்தான் விரட்டினார்கள்.

நான் என்ன செய்ய, பத்திரிகையைப் பிரித்தால் அதே மாதிரிக் கதை. மழை. ஒருத்தி உலை வைத்திருக்கிறாள். விட்டுவிட்டுப் போனவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் பழையதையெல்லாம் நினைக்கிறாள். அதற்குள் மின்னூர்க்காரிகள் இறங்கிப் போய்விட்டார்கள். கடைசி வரி: அவள் எழுந்தாள்.

பக்கத்தைத் திருப்பினேன். மூட்டுவலித் தைல விளம்பரம்.

"மிச்சம் எங்கடி?"

"அவ்ளோதான்."

"முழுங்கிட்டியா?"

பத்திரிகை கைமாறிப் பின்சீட்டு வரை போய்த் திரும்பி வந்தது. வரி வளரவில்லை. பிறகு ஆரம்பித்தார்கள். "தொறப்பா. மழையில நிக்கிறான், மனுஷன்தானே" என்றார் ஆபா. தாழ்ப்பாள் போடத்தான் எழுந்திருப்பாள் என்றது பின்சீட்டு. கதையில் வந்தவளுக்குப் பேர் இல்லை. எல்லாரும் வசந்தா அக்காவைப் பார்க்காமலேயே அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் வசந்தா அக்கா அந்த உலைப் பேச்சை எடுத்தாள், பொங்குறத எறக்கணுமா வேணாமா என்று. ஆமாம், முதல் பத்தியிலேயே இருந்தது. எங்களுக்கெல்லாம் கதவுச் சத்தம்தான் கேட்டிருக்கிறது.

"சரி, எறக்கிட்டு?" ஆபா விடவில்லை.

"எறக்கிட்டு வடிக்கணும். வடிச்சிட்டுத் துன்னணும். பசியோட எவளாச்சும் கதவாண்ட போவாளா?"

பஸ்ஸே சிரித்தது, டிரைவர் அண்ணன் உள்பட.

போன மாதம் ஆம்பூரில் ரோட்டைக் கடக்க நின்றபோது அப்படி ஒரு கம்பெனி பஸ் போனது. ஜன்னலுக்கு ஜன்னல் போன் வெளிச்சம், காதில் ஒயர். ஒவ்வொருத்திக்கும் கதை அவளவள் கைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பாதியில் இறங்கினவளுக்காக யாரும் முடிவை அடக்கி வைத்திருக்க வேண்டியதில்லை. அந்த வாரப் பத்திரிகையும் நின்றுபோயிற்று. குறை சொல்லவில்லை, போன் பார்க்காமல் எனக்கே இப்போது தூக்கம் வருவதில்லை. ஆனால் அந்தச் சண்டை எங்கே போயிற்று என்றுதான் தேடுகிறேன்.

அன்றைக்கு, சிரிப்பு அடங்குவதற்குள் வாணியம்பாடி வந்துவிட்டது. அவன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஸ்வீட் பெட்டி. எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்க, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். படி காலியானது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தார்.

வசந்தா அக்கா என் மடியிலிருந்த பத்திரிகையை எடுத்தாள். தைல விளம்பரத்தைத் தாண்டிப் புரட்டி, அடுத்த கதையின் தலைப்பில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நாட்றம்பள்ளி வரைக்கும் வரும்ல? படி" என்றாள். பிறகு முன்பக்கம் பார்த்து, "நீங்க எடுங்கண்ணே."