அமாவாசையன்று ஏற்றிய கார்

சொரிமுத்து அத்தான் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். சற்று நேரத்தில் சந்தேகம் வந்துவிடும். மறுபடியும் முறுக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு கோடு போடுவார். அவர் கைபட்ட காரின் அடியில் குனிந்து பார்த்தால் எங்கும் வெள்ளைக் கோடுகள்தான். வீட்டிலும் அதே கதை. பஸ் நிறுத்தம் வரை போனவர் திரும்பி வந்து, "ஸ்டவ்வ அணச்சிட்டியா?" என்று கோமதி அக்காவிடம் கேட்பார். அன்றைக்கு ஸ்டவ் பற்ற வைத்தே இருக்கமாட்டாள்.

என் அக்காவின் கணவர் அவர். வடாலாவில் ஒரு டாக்சி கம்பெனியின் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். அந்த வேலையை விட்டதற்கு அவர் சொன்ன காரணத்தை யாரும் நம்பவில்லை. அங்கே அவர் முறுக்கிய நட்டை அடுத்த ஷிப்டுக்காரன் கழற்றுவான். பிறகு அந்த வண்டி எப்படிப் போனது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. தன் கை மட்டும் படுகிற ஒரு இடம் வேண்டும் என்றார். அறுபத்து நான்காம் ஆண்டு, தாராவியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி வளவில் தகரம் போட்டுப் பட்டறை வைக்க முடிவு செய்தார். கூடவே வேலையை விட்டு வந்தவன் பூலோகம்.

கம்பெனியில் இருந்ததுபோல வளவின் நடுவில் ஒரு குழி வேண்டும். அதற்கு மேல் காரை நிறுத்தி, குழிக்குள் நின்று அடிப்பாகத்தில் வேலை செய்யலாம். பங்குனியில் அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் இருவரும் தோண்டினார்கள். நெஞ்சளவு ஆழம் போயும் அடியில் லேசான ஈரம்தான். செங்கலைச் சுற்றிலும் அடுக்கிக் களிமண் பூசினார்கள்.

முதல் கார் மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருந்த பிரம்மநாயகம் அண்ணாச்சியுடையது. பழைய ஹில்மன். பின் ஆக்சிலில் சத்தம். அண்ணாச்சி சரி என்றால் அந்தத் தெருவில் கார் வைத்திருக்கும் நம்மூர்க் கடைக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அவர் முகம் சுளித்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அத்தானுக்கு வடாலாவில் மறுபடி இடம் கிடைக்காது. இதை அவர் ஒரு நாளைக்குப் பலமுறை சொன்னார்.

அமாவாசையன்று ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. நமக்கு அது நிறைந்த நாள். முன்னோரை நினைத்து, உச்சிவரை விரதம் இருந்து, புது வேலையில் கை வைக்கலாம். அடுத்த வீட்டு ஹீராபாய் மீனவர் குடியிருப்பான கோளிவாடாவில் பிறந்தவள், மீன் விற்பவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டாள்.

"அமாவாஸ்யா கோ மத் கரோ, முத்து," என்றாள். அமாவாசையில் வேண்டாம். இரண்டு முறை சொன்னாள்.

மராட்டிக்காரர்களுக்கு அமாவாசை ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். அத்தான் சிரித்தபடி, "ஹமாரா அச்சா தின் ஹை, பாய்," எங்களுக்கு நல்ல நாள், என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எதற்கெல்லாமோ பயப்படுகிறவர், ஏன் என்று அவளிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, காரைத் தள்ளிக் குழிமேல் நிறுத்தினோம். நல்ல நேரம் போவதற்குள் வேலையில் கை வைக்க வேண்டும் என்று அத்தானும் பூலோகமும் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு மரக்கட்டைகளைக் குழியின் இரு ஓரத்திலும் முட்டுக் கொடுத்தார்கள். சக்கரங்களைக் கழற்றி, ஆக்சிலையும் கீழே இறக்கிவிட்டார்கள். அண்ணாச்சி திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிப் பொழுதானதும் அக்கா காக்கைக்குச் சோறு வைத்தாள். அண்ணாச்சியை வீட்டுக்குள் அழைத்து இலை போட்டாள்.

குழிக்குள் நின்ற அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாரு மாப்ளே தண்ணிய கொட்டுனது?"

யாரும் கொட்டவில்லை. அவர் கணுக்கால் நனைந்திருந்தது. செங்கல் இடுக்குகளில் கறுப்பாக நீர் கசிந்து இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செங்கல் நழுவி உள்ளே விழுந்தது. அதன் பின்னாலிருந்த மண் சேறாகப் பின்தொடர்ந்தது. இடது பக்கத்து மரக்கட்டை மெல்ல அமிழ, காரின் பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்தது.

"அண்ணே, வெளிய வாரும்," என்றான் பூலோகம்.

"ஜாக்கிய கொண்டா. இன்னொரு முட்டு குடுத்துருவோம்."

"எங்க குடுக்க? தரையே நிக்க மாட்டேங்கு. வாரும்ங்கேன்."

பூலோகம் அவர் கையைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினான். காரைத் தள்ளி நகர்த்தவும் வழியில்லை. பின்னால் சக்கரமே இல்லையே.

பின்வாசலுக்கு வந்த அக்கா குழியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு உள்ளே போனாள். அவள் குரல் மட்டும் கேட்டது.

"இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கேன் அண்ணாச்சி."

"போதும்மா. வயிறு நிறஞ்சு போச்சு."

"பாயசம் இருக்கு. அப்பளம் இப்பத்தான் பொரிக்கப் போறேன்."

"சாப்பிட்டு முடிச்ச பொறவு அப்பளமா?"

"சூடா இருக்கும் அண்ணாச்சி."

ஹீராபாய் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். அவள் படபடவென்று பேசியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பக்கத்துக் கழிமுகத்தில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெரிய ஓதம் ஏறும், கடல் தண்ணீர் உள்ளே வரும். அஷ்டமி, நவமியில் அது குறைவு. உச்சிப் பொழுதில் ஏறி, பிறகு இறங்கும். இந்தத் தரை முழுக்கக் கொட்டி நிரப்பிய மண். ஓதம் ஏறும்போது அடியில் தண்ணீர் வந்துவிடும். வேண்டாம் என்று அவள் சொன்னது இதற்காகத்தான். நாளின் நல்லது கெட்டதை அவள் பேசவே இல்லை.

தன் மகன்கள் இருவரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். அவர்கள் படகின் பாய்மரம் ஒன்றையும், தடித்த மூங்கில்கள் நாலைந்தையும் தூக்கிக்கொண்டு வேலியைச் சாய்த்தபடி வந்தார்கள். குழிக்குக் குறுக்கே, அதன் இரு ஓரங்களையும் தாண்டிக் கெட்டியான தரையில் ஊன்றும்படி, காரின் அடியில் அவற்றைச் செலுத்தினார்கள். கயிற்றால் வரிந்து கட்டினார்கள். நாங்கள் எல்லாரும் பின்பக்கத்தைத் தோள் கொடுத்துத் தாங்கினோம். அத்தான் என் பக்கத்தில் நின்றார். கண்ணை மூடியிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. கட்டை இன்னொரு முறை வழுக்கியது. மூங்கில் முனகியது. கார் அதன்மேல் உட்கார்ந்து, அப்படியே நின்றது.

நின்றுவிட்டதா, இன்னும் இறங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. தோளை எடுக்கப் பயந்து நின்றுகொண்டே இருந்தோம்.

அப்போதுதான் அண்ணாச்சி கை கழுவப் பின்வாசலுக்கு வந்தார். அக்கா அவருக்குப் பின்னால் அப்பளத் தட்டோடு நின்றாள். அண்ணாச்சி குழியில் மிதந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். மூங்கிலையும் கயிற்றையும் பார்த்தார்.

"என்னவே இது? எங் காருக்குப் பாடை கட்டி வச்சிருக்கீரு?"

அத்தான் தோளை எடுக்காமலே பேசினார்.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. ஓதம் ஏறுங்கிறது தெரியாமப் போச்சு. நீங்க வேற எடத்துக்குக் கொண்டு போறதுன்னா..."

"எப்படிவே கொண்டு போக? பின்னால சக்கரமே இல்ல. தலைல வச்சுக்கிட்டா போவேன்?"

பூலோகம்தான் முதலில் சிரித்தான். அதை அடக்கப் போய் இருமினான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அக்கா நீட்டிய தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப எறங்குமாம் தண்ணி?"

ஹீராபாய் கையைக் கீழ்நோக்கிக் காட்டினாள். நாங்கள் காத்திருந்தோம். குழிச் சுவரில் ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. பிறகு அதற்குக் கீழே இன்னொன்று. வெயில் சாயும்போது குழியில் சேறு மட்டும் மிஞ்சியது. அண்ணாச்சி எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"வேலய முடிச்சிரும். நான் மாட்டுங்கால வாயத் தொறக்க மாட்டேன். ஆனா அந்தப் பொம்பள பேச்ச இனியாவது கேளும்."

ராத்திரி இன்னொரு முறை ஓதம் வரும் என்று ஹீராபாய் சொல்லியிருந்ததால் அதற்கு முன்பே காரின் அடியில் தண்டவாளக் கட்டைகளை நிறைத்தார்கள். ஆக்சில் வேலை முடிந்து ஹில்மன் தன் சக்கரத்தில் நின்றபோது அடிப்பாகத்தில் எத்தனை சாக்பீஸ் கோடுகள் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அத்தான் குழியை மூடினார். அதற்குப் பதில் கருங்கல்லால் சாய்வாக இரண்டு மேடு கட்டி, காரை அதன்மேல் ஏற்றி, கீழே படுத்து வேலை செய்தார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னும் பின்னும் எந்தக் காரையும் மேட்டில் ஏற்றமாட்டார். தரை இளகும் என்பார். சொரிமுத்து மராட்டிக்காரனாகிவிட்டான் என்று நம்மவர்கள் கேலி பேசினார்கள். அவர் விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அந்த நாட்களில் வேலை இல்லாமல் வளவில் நடந்துகொண்டிருப்பார். மூடிய குழியைக் காலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். மாட்டுங்காவிலிருந்து கார்கள் வந்தன. அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இந்த ஆண்டு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் அத்தான் போய்விட்டார். டாக்சியில் என் மடியில் தலை வைத்திருந்தார். வண்டியில் என்னவோ சத்தம் கேட்கிறது, டிரைவரிடம் சொல் என்றார். நான் சொல்லவில்லை.

துக்கம் கேட்க இன்று அண்ணாச்சி வந்திருந்தார். அதே ஹில்மன். வளவில் கார்கள் அப்படியே நிற்கின்றன. பட்டறையை என்ன செய்வது என்று யாரும் அக்காவிடம் கேட்கவில்லை. சாவு வீட்டில் எப்படிக் கேட்பது? அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி புறப்படும்போது காரிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு பூலோகம் அவரிடம் தணிந்த குரலில், "நாளைக்கு விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, ஏத்திப் பாத்துருதேன்," என்றான்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நாளைக்கு அமாவாச. ரெண்டு நாள் கழிச்சு ஏத்து, பூலோகம்."